ஏழாம் மேஜை

வலி வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அது வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. இயன்முறை மருத்துவத்தில் பட்டம், தோளில் ஒரு பை, பை நிறைய 'முன்னறி' பட்டைகள்.

2039ஆம் வருடம் ஜூன் மாதம். கோவை கணபதியில் செங்காந்தள் பம்ப்ஸ் என்ற தொழிற்சாலை. அதன் வைண்டிங் பிரிவில் நாற்பத்திரண்டு பெண்கள், நாற்பத்திரண்டு மேஜைகள். மோட்டாரின் இரும்பு வயிற்றுக்குள் செம்புக் கம்பிச் சுருளை ஒவ்வொரு பள்ளமாகச் செருகி, நூலால் கட்டி, தட்டி ஒழுங்குபடுத்துகிற வேலை. இதற்கெல்லாம் இன்னுமா மனிதக் கை என்று நானும் முதல் நாள் கேட்டேன். ஒரே மாதிரி பத்தாயிரம் மோட்டார் செய்ய மெஷின் இருக்கிறது, பத்துப் பத்தாக நூறு மாதிரி செய்யக் கைதான் வேண்டும் என்றார்கள். கை என்றால் மணிக்கட்டு, தோள், முதுகு எல்லாம் சேர்த்துத்தான். மாதத்துக்கு ஒருவராவது மூட்டுவலியால் வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் என் கம்பெனியிடம் பட்டைகளை வாங்கியிருந்தார்கள்.

எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து விளக்கினேன்.

"மூட்டுல வீக்கம் வர்றதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள லேசா சூடாகும். நமக்குத் தெரியாது. இந்தப் பட்டைக்குத் தெரியும். மணிக்கட்டோ முட்டியோ, எங்க தொந்தரவோ அங்க பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்குங்க. நாளான்னைக்கு வலி வரும்போல இருந்தா உங்க போன்ல சிவப்பு காட்டும். சந்தேகம்னா மஞ்சள். ஒண்ணுமில்லைன்னா பச்சை."

"டிவில மழை சொல்ற மாதிரிங்களா?" என்றார் மல்லேஸ்வரி. ஐம்பதைத் தாண்டியவர், முட்டி இரண்டும் தேய்ந்தவர், சிரிக்காமல் பேசத் தெரியாதவர்.

"அதேதாங்க."

"மழைன்னா கொடை எடுத்துட்டுப் போலாமுங்க. இதுக்கு என்னத்த எடுத்துட்டுப் போறது?"

இதைக் கேட்டது கோகிலவாணி. பின்வரிசையில், கைகளை ஒரு சுடுதண்ணீர் டம்ளரைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. பதினோரு வருடமாக ஏழாம் மேஜை. ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது.

"மருந்தை முன்னாடியே சரிபண்ணிக்கலாம். அன்னிக்கு மட்டும் லேசான வேலையா மாத்திக்கலாம். திடீர்னு படுத்துக்கறதுக்குப் பதிலா யோசிச்சு வெச்சுக்கலாம், அக்கா."

"அது நல்லா இருக்குது, அம்மிணி. ஒட்டு" என்று கையை நீட்டினார்.

ஒட்டும்போது பேச்சுக் கொடுத்தேன். அவருடைய சடை அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. காலையில் விரல் மடங்காதவர் எப்படிப் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன்.

"என்ற வீட்டுக்காரருதான். ஸ்கூல் வேன் ஓட்டறாரு. மூணு வருசமா அவருதான் சடை போட்டு உடறாரு. மொத மாசம் கயிறு திரிக்கற மாதிரி இருந்துச்சு. இப்பப் பாரு, வேன்ல வர்ற புள்ளைங்களுக்கு ரிப்பன் அவுந்தாக்கூட அவருதான் கட்டி உடறாராமா."

"டாக்டர் வேலைய விடச் சொல்லலையா?"

"சொன்னாரு. ஊட்ல உக்காந்தா நான் நோயாளி, அம்மிணி. இங்க வந்தா நான் ஏழாம் மேஜை."

முதல் இரண்டு மாதம் நான் காற்றில் நடந்தேன். சிவப்பு வந்தால் கோகிலாக்கா டாக்டருக்குப் போன் செய்வார், மறுநாள் மோட்டார்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுகிற லேசான வேலைக்கு மாறிக்கொள்வார். அவருடைய இடத்தில் ரஷ்மிதா உட்காருவாள். ஒடிசாவின் கஞ்சாம் பக்கத்துப் பெண், பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் கோவை வந்தவள், இப்போது இருபத்தொன்பது. என்னைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசுவாள். போன வருடம் பத்தொன்பது நாள் முன்னறிவிப்பில்லாமல் லீவு போட்ட கோகிலாக்கா, அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூடப் போடவில்லை. பிரிவில் யாருமே வேலையை விடவில்லை. என் கம்பெனியின் விளம்பரத்தில் என் படம் வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் போனபோது ஹாலின் நடுச்சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தது. நாற்பத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நிறம்.

உற்பத்தி மேலாளர் நவநீதன் பெருமையாகக் காட்டினார். முப்பத்தெட்டு வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, அளந்து பேசுகிற பேச்சு. "சிவப்பு வந்தவங்களை மறைச்சு வேலை செய்ய வைக்கக் கூடாது பாருங்க. அதனால எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டுட்டேன். சிவப்புன்னா வீட்டுல ஓய்வு."

"ஓய்வுக்குச் சம்பளம்?"

"வேலை செய்யாத நாளுக்கு எப்படிங்க மேடம்?"

என் கம்பெனி மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். தகவல் தொழிலாளிகளுடையது என்று நான்தானே கேன்டீனில் சொல்லியிருந்தேன்? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டையை வாங்கினது யாரு, ஹசீனா?" என்றார். ஒப்பந்தத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். படிக்காமல்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லச் சிரிப்பாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டே வாரத்தில் பிரிவு முழுக்கப் பச்சையாகிவிட்டது. நவநீதனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 'மாதத்தின் சிறந்த மூட்டு' என்று ஒரு விருதையே ஏற்படுத்தி, சால்வை போர்த்தி, மல்லேஸ்வரிக்குக் கொடுத்தார்.

எனக்குச் சந்தேகம். மல்லேஸ்வரியின் பட்டைத் தகவலைத் திறந்து பார்த்தேன். இரவு நான்கு மணி நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அவ்வப்போது ஈ ஓட்டுவதுபோல் காலை உதறியிருக்கிறார். பகலில் மெல்ல நடந்து நடந்து நின்றிருக்கிறார். முட்டி இரண்டும் இளமையோ இளமை.

அன்று மதியமே அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"மல்லேஸ்வரிக்கா, பட்டை எங்க?"

"கால்லதானுங்க."

"யாரு கால்ல?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "எங்க செவலைப் பசு கால்லீங்க. இப்பத்தான் ரெண்டாவது ஈத்து, நல்ல தெம்பா இருக்குது."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஒருத்தியின் பட்டை தங்கையின் கையில். இன்னொருத்தியின் பட்டை மாமியார் முட்டியில். அந்த அம்மாவுக்குப் பச்சை வந்ததில் வீட்டில் பெரிய சண்டையாம். கோகிலாக்காவின் பட்டை ஸ்கூல் வேன் ஓட்டுகிற கணவரின் மணிக்கட்டில். அதில் மட்டும் மஞ்சள் காட்டி, அவர் டாக்டரிடம் போய் கியர் பிடிக்கிற கையில் நரம்பு அழுத்தம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

நானும் சிரித்துவிட்டேன். கோகிலாக்கா சிரிக்கவில்லை.

"பட்டையைக் கழட்டுனதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்குச் சிவப்பு வந்துது, அம்மிணி. காலைல வந்து கார்டு தேய்க்கறேன், உங்களுக்கு இன்னிக்கு ஓய்வுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. எல்லாரும் உள்ள போறாங்க. நான் சோத்து டப்பாவோட வெளிய நிக்கறேன். ஊட்டுக்குப் போனா என்னன்னு கேப்பாரு. அதனால எதுத்தாப்புல வந்த காந்திபுரம் பஸ்ல ஏறிட்டேன். வ.உ.சி. பூங்காவுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அங்கியே சாப்புட்டேன். அப்பறம் வேலை முடிஞ்சு வர்ற மாதிரி ஊட்டுக்குப் போனேன். அப்படி நாலு நாளு."

பிறகு என் கையிலிருந்த பட்டைப் பையைக் காட்டினார்.

"நீ கொண்டாந்தது நல்ல பொருளுதான். மொத ரெண்டு மாசம் அது என்ற காதுல மட்டும் பேசுச்சு. இப்ப ஊருக்கே கேக்கற மாதிரி பேசுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

பொய்த் தகவலை வைத்து டாக்டர் மருந்து கொடுத்தால் ஆபத்து. அதைச் சொல்லி, எல்லோரையும் பட்டையை அவரவர் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளக் கெஞ்சினேன். திரைக்கு ஏதாவது வழி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னை நம்பி ஒட்டிக்கொண்டார்கள். நான் நவநீதனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்தேன். என் வேலையும் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மாதம் நவநீதன் ஒரு மாற்றம் செய்தார். ஏழாம் மேஜையில் பெரிய மோட்டார்கள் வருகின்றன, அங்கே சிவப்புக்காரர் இருந்தால் உற்பத்தி தடைபடுகிறது. ஆகவே ரஷ்மிதா நிரந்தரமாக ஏழுக்கு, கோகிலவாணி ரஷ்மிதாவின் முப்பத்தொன்றுக்கு. பதினோரு வருட இடத்திலிருந்து கோகிலாக்கா தன் இடுக்கியையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனதை அங்கிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை எனக்கு ஒரு பட்டியல் வந்தது. கடந்த மூன்று மாதத்தில் அதிக நாள் சிவப்பாக இருந்த எட்டுப் பேர், வரும் திங்கள் முதல் 'உடல்நலம் கருதி' விடுவிக்கப்படுகிறார்கள். முதல் பெயர் கோகிலவாணி. கீழே நான் சான்றொப்பம் இடவேண்டுமாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த முறை படித்தேன். படித்ததோடு கடைசி மூன்று வாரத் தகவலையும் திறந்தேன். ரஷ்மிதா: பச்சை, பச்சை, மஞ்சள், மஞ்சள், சிவப்பு. கோகிலவாணி: மஞ்சள், பச்சை, பச்சை, பச்சை.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சொல்லியும் மறுபடி பட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறார்களே!

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போய் இருவர் எதிரிலும் உட்கார்ந்தேன். "ரஷ்மிதா, அக்காவோட பட்டைய எதுக்குப் போட்டுக்கிட்ட?"

"போடலீங்க்கா."

"எனக்குத் தெரியும். உன் பேர்ல சிவப்பு வருது. உனக்கு எங்க இருந்து வரும்?"

ரஷ்மிதா வலது கையைச் சோற்றிலிருந்து எடுத்து, இடது கையை என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டு லேசாக உப்பியிருந்தது. தொட்டேன். சுட்டது.

"இது சொந்தக் கைதானுங்க்கா" என்றாள். "பத்து நாளா இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லல. இப்பத் திரையே சொல்லிருச்சு."

நான் கோகிலாக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. விரல்கள் மதியத்துக்குள் நன்றாக மடங்கின.

முதலில் புரிந்துகொண்டது கோகிலாக்கா.

"அப்படீன்னா சிவப்பு எனக்கில்ல. ஏழுக்கு."

"அப்படியே சொல்ல முடியாதுக்கா" என்றேன். "முடக்குவாதம் உங்க உடம்புல இருக்கறது. மேஜை அதைக் கொண்டுவரலை. ஆனா எரியற இடத்துல தினமும் ஊதிவிட்டுக்கிட்டே இருந்திருக்கு. நோயே இல்லாத பொண்ணையே மூணு வாரத்துல இப்படிப் பண்ணியிருக்குன்னா..."

"இரு, இரு. பன்னெண்டாம் மேஜையப் பாரு. அங்க இப்ப யாருக்குத் தோளு வலி?"

நான் கணினியைத் திறந்தேன். யார் எந்த மேஜையில் எத்தனை மணி நேரம் என்பது வருகைப் பதிவில் இருந்தது. "பன்னெண்டுல சுபாஷிணி. தோள்தான். சிவப்பு."

"அவளுக்கு முன்னாடி ஜோதிமலர் இருந்தா. தோளு போயித்தான் நின்னா. அவளுக்கு முன்னாடி கமருன்னிசா அக்கா. அவங்களுக்கும் தோளு. பத்தொம்பது, இருவது?"

"ரெண்டுலயும் இடுப்பு."

"ரெண்டு மேஜைக்கும் நடுவுல ஒரே கால்மிதி. ரெண்டு பேருமே எட்டித்தான் மிதிக்கோணும். முப்பத்தி நாலப் பாரு, கழுத்தா?"

கழுத்துதான்.

என்னிடம் நான்கு மாதத் தகவல் இருந்தது. அவரிடம் பதினோரு வருடத் தகவல் இருந்தது. யார், எந்த மேஜை, எதனால் நின்றாள், போகும்போது எந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பது வரை. அந்தச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஐந்து மேஜைகளைக் கண்டுபிடித்துவிட்டோம். ரஷ்மிதாவின் சோறு ஆறியே போனது.

வெள்ளிக்கிழமை நாலு மணி டீக்கு முதலாளி சென்னியப்பன் ஹாலுக்கு வருவது வழக்கம். அறுபத்தெட்டு வயது. கடைசல் இயந்திரத்தில் தொழிலாளியாகத் தொடங்கியவர். அதிகம் பேசமாட்டார். அன்று அவர் டம்ளரைக் கையில் எடுத்ததும் கோகிலாக்கா எழுந்து போய் முன்னால் நின்றார். பக்கத்தில் நான்.

"ஐயா, ஒரே ஒரு காரியம் பண்ணோணுங்க. அந்தத் திரையில இருக்கற பேரை எல்லாம் அழிச்சுப்போட்டு, மேஜை நம்பரப் போடச் சொல்லுங்க."

நவநீதன் வேகமாக வந்தார். "பேரு இல்லாம யாருக்கு வலின்னு எப்படித் தெரியுங்க?"

"யாருக்குன்னு தெரிஞ்சு என்னங்க சார் பண்ணுனீங்க? ஊட்டுக்கு அனுப்புனீங்க. எங்கன்னு தெரிஞ்சா ஸ்பானர எடுத்துட்டுப் போலாமில்லீங்களா?"

சென்னியப்பன் டம்ளரோடு நவநீதன் பக்கம் திரும்பினார்.

"தகவல் தெளிவா இருக்குது" என்றார் நவநீதன். "சிவப்புக்காரங்க சிவப்புக்காரங்கதான். ஒழுங்கா உடம்பைப் பாத்துக்கறவங்களும் இருக்காங்க. மல்லேஸ்வரிக்கு விருதே கொடுத்திருக்கோம்."

பின்னாலிருந்து மல்லேஸ்வரி எழுந்தார். "ஐயா, மன்னிச்சுக்கோணும். அந்த விருது எங்க செவலைக்கு வந்ததுங்க."

"எந்தச் செவலை?" என்றார் சென்னியப்பன். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் வாக்கியமாக அது இருந்திருக்கும்.

"பசுவுங்க. பட்டைய அது கால்ல ஒட்டி உட்டிருந்தேனுங்க. சால்வையக்கூட அதுக்குத்தான் போத்துனேன்."

முதலில் ரஷ்மிதா சிரித்தாள். அப்புறம் நாற்பது பேர். சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நவநீதன் மட்டும் சிவந்துபோய் நின்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் கணினியில் ஓர் இடத்தை மாற்றினேன். திரையில் பெயர்கள் மறைந்தன. ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண்கள். எல்லோரும் அவரவர் பட்டையை ஒட்டியிருந்த அந்தக் கடைசி மாதத்துத் தகவலை மட்டும் எடுத்திருந்தேன். எந்த மேஜையில் யார் உட்கார்ந்தாலும் என்ன நிறம் வருகிறது என்பதன் கணக்கு. முப்பத்தேழு பச்சை அல்லது மஞ்சள். ஐந்து சிவப்பு. ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபது, முப்பத்து நான்கு.

சென்னியப்பன் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏழாம் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். ரஷ்மிதா சொல்லச் சொல்ல மோட்டாரை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் கம்பியைச் செருகினார். இருபது நிமிடம் தாங்கினார்.

"இந்த மேஜை ஒசரம் ஏன் இப்படி? தோளைத் தூக்கிட்டே இருக்கோணுமாட்ட இருக்குது. எவன் வாங்குனான் இதை?"

நவநீதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்கதானுங்க ஐயா. பழைய நெட்டை மோட்டாருக்கு. நின்னுட்டு வேலை செய்யறதுக்கு."

"அந்த மோட்டாரை நிறுத்தி ஒம்பது வருசமாச்சே!"

"ஆமாங்க."

அவர் எழுந்து இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "திங்கக்கெழமை பட்டியல் வேண்டாம்" என்றார். "கடைசல்காரங்கள வரச் சொல்லு. காலை வெட்டோணும்." யாருடைய காலையோ என்று ஒரு கணம் பதறியவர்கள், மேஜைக் காலை என்று புரிந்துகொண்டு மறுபடி சிரித்தார்கள்.

ஏழாம் மேஜை நான்கு அங்குலம் குட்டையானது. மோட்டாரைக் கையால் தூக்கித் திருப்ப வேண்டாதபடி சுழலும் ஒரு தாங்கியைத் தங்கள் பட்டறையிலேயே செய்தார்கள். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் தனித்தனிக் கால்மிதி வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் மேஜை மாறினார்கள். காலையில் கை இறுகிக்கொள்கிற ஆறு பேருக்கு ஷிப்ட் பத்தரை மணிக்குத் தொடங்கியது. அவரவர் நிறம் அவரவர் போனில் மட்டும். திரையில் எண்கள் மட்டும். இதில் என் வேலை குறைவு. வாரத்துக்கு இரண்டு நாள் கோகிலாக்காவை ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லச் சொன்னார்கள். அதற்கென்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். பதவியின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. எல்லோரும் 'மேஜைக்காரம்மா' என்றார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோகிலாக்காவின் நோய் போகவில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் இப்போதும் சிவப்பு வரும். அன்று மோட்டார் சோதிக்கிற இடத்தில் இருப்பார். ஒரு நாள் அதுவும் முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். ஆனால் அதைக் கணவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். மல்லேஸ்வரியின் முட்டி தேய்ந்தது தேய்ந்ததுதான். அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. ஒப்பந்தத்தை மீறியதற்காக என் கம்பெனி எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆறு மாதம் கழித்து அதே கம்பெனி, மேஜை எண் காட்டும் திரையைப் புதிய வசதி என்று எல்லா ஊரிலும் விற்கத் தொடங்கியது.

டிசம்பரில் ஒரு நாள் நான் கிளம்பும்போது நவநீதன் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"மேடம், ஒரு பட்டை கூடுதலா இருக்குமா? ஸ்பேரா இருக்கட்டும்னு."

"எந்த இடத்துக்குங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "முதுகுல ஒட்டலாமா?"

அவருடைய அறையில் வைத்து ஒட்டினேன். முதுகெலும்பு மூங்கில் மாதிரி இறுகிக்கொண்டு வருகிற வாதம். இருபத்தாறு வயதிலிருந்து. காலையில் ஷூ லேஸ் கட்ட இருபது நிமிடம் ஆகுமாம். அந்த இஸ்திரி கலையாத விறைப்பைக் கர்வம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கே இப்படி இருந்துமா அவங்க பேரை எல்லாம் சுவர்ல போட்டீங்க?"

அவர் சட்டைப் பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டார். "முன்னாடி இருந்த கம்பெனில எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அப்ப ஒண்ணு முடிவு பண்ணேன். அனுப்பறவங்க பக்கம் போய் நின்னுட்டா நம்மளை யாரும் தேட மாட்டாங்கன்னு." கடைசிப் பொத்தானையும் போட்டார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இது உங்க போன்ல மட்டும்தாங்க பேசும்" என்றேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது ஹாலில் பத்துப் பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டுத் திரையின் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் பச்சை. கடைசியில் புதிதாக ஓர் எண் சேர்ந்திருந்தது. நாற்பத்து மூன்று. சிவப்பு.

"நாப்பத்தி மூணாம் மேஜை எங்கடீ இருக்குது?" என்றார் கோகிலாக்கா.

"நம்மகிட்ட நாப்பத்தி ரெண்டுதானே இருக்குது?" என்றாள் ரஷ்மிதா.

கோகிலாக்கா என்னைப் பார்த்தார். நான் என் பையின் ஜிப்பை ரொம்பக் கவனமாக மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய பட்டையைப் பதியும்போது மேஜை எண் கேட்டது; இல்லாத எண்தானே, திரைக்கு வராது என்று நாற்பத்து மூன்று போட்டிருந்தேன். கோகிலாக்கா மெல்ல நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் நவநீதன் கணினித் திரைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

மூன்று மாதத்துக்கு முன் அவர்களுக்கு நடந்ததை அவருக்கு நடத்திக் காட்ட அப்போது அத்தனை பேருக்கும் வாய்ப்பு இருந்தது.

"ரஷ்மி, வா, மாடிக்குப் போலாம்" என்றார் கோகிலாக்கா. "ஒசரமா ஒரு நாற்காலி சோதனை ரூம்ல இருந்துச்சே, அதையும் எடுத்துக்க."

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்குள் பேசுவது கேட்கவில்லை. அவர் அவசரமாக எழுந்து ஏதோ மறுப்பதும், கோகிலாக்கா அவரைக் கையசைத்து ஓரமாக நிற்கச் சொல்வதும், ரஷ்மிதா பழைய நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு வருவதும் தெரிந்தது. கோகிலாக்கா புதிய நாற்காலியின் முதுகுச் சாய்வை இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்தினார், தானே உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார். பிறகு அவரைப் பார்த்து, உட்காருங்க என்று கையைக் காட்டினார்.

அவர் உட்கார்ந்தார். அந்த விறைத்த தோள்கள் இரண்டும் மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது கீழே நின்ற எங்களுக்குக்கூடத் தெரிந்தது.